ஹாட் டப்பின் மின்செலவு: யாரும் அமராத நேரத்தின் கணக்கு

மின் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்று என்னை அழைத்திருந்த ஒரு குடும்பத்தினர், நான் உள்ளே நுழைந்ததும் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்து காட்டினார்கள். வீட்டின் பின்புறத்தில் வைத்திருந்த 1200 லிட்டர் ஹாட் டப்பில், அதாவது சூடான நீரில் அமர்ந்து குளிக்கும் தொட்டியில், யார், எந்த நாளில், எத்தனை நிமிடம் அமர்ந்தார்கள் என்பதை மூன்று மாதங்களாக அதில் குறித்துவைத்திருந்தார்கள். முதல் மாதத்தில் ஏறக்குறைய தினமும், இரண்டாம் மாதத்தில் வாரம் மூன்று முறை, மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு முறை என்று படிப்படியாகக் குறைத்தும், கட்டணம் பெயரளவுக்கே இறங்கியிருந்தது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவிடாமல் கண்டித்ததும் வீண்தானா என்று அந்தத் தாய் கேட்டபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீடுகளின் மின்பயன்பாட்டைத் தணிக்கை செய்யும் என் தொழிலில் இதே தவறான இடத்தில் சிக்கனம் தேடும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அரை மணி நேரம் நீரைப் பீய்ச்சும் ஜெட்களை ஓடவிட்டுக் குளிப்பதற்கு ஆகும் மின்சாரத்தை முதலில் பார்ப்போம். 1.5 கிலோவாட் பம்பு அரை மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட் ஆகிறது. மூடி திறந்திருக்கும்போது வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட மேலும் ஓரிரு யூனிட் தேவைப்படலாம். ஆனால், யாருமே இறங்காத நாளிலும் அந்தத் தண்ணீரை 38 டிகிரியிலேயே நிறுத்திவைக்க ஹீட்டர் விட்டுவிட்டு இயங்கிக்கொண்டேதான் இருக்கும். சுவர் வழியாகவும், அடித்தளம் வழியாகவும், எல்லாவற்றையும்விட அதிகமாக மேற்பரப்பு வழியாகவும் கசியும் வெப்பத்தை அது நாள் முழுவதும் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கட்டணத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புச் செலவுதான்.

அதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 1000 லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 1.163 யூனிட் மின்சாரம் தேவை என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும். உறைபனிக்கு வாய்ப்பில்லாத ஓர் இரவில் மூடியைச் சரியாக மூடி, நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஹாட் டப்புக்குரிய சுவிட்சை அணைத்துவிடுங்கள். பத்து மணி நேரம் கழித்து நீரை ஒரு முறை கலக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அந்த வீட்டில் இப்படிச் செய்தபோது 38 டிகிரி 34 ஆக இறங்கியிருந்தது. 1200 லிட்டரில் நான்கு டிகிரி என்றால் சுமார் 5.6 யூனிட், அதாவது ஒரு நாளைக்கு 13 யூனிட்டுக்கும் மேல். ஒரு நாள் குளிக்காமல் இருந்து அவர்கள் மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக இந்தக் கசிவு ஒவ்வொரு இரவும் விழுங்கிக்கொண்டிருந்தது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. மூடியின் ஒரு பாதியை வழக்கமாக ஒருவரே தூக்கிவிடலாம். அன்று நானும் அந்த வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்கியது. அடிப்பக்கத்து ஜிப்பைத் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் என் மணிக்கட்டின் வழியாக ஒழுகியது. மூடிக்குள் இருக்கும் ஃபோம் பலகையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கும். அது கிழிந்துவிட்டால் தொட்டியிலிருந்து எழும் நீராவி மாதக்கணக்கில் ஃபோமுக்குள் புகுந்து தங்கிவிடும். காய்ந்த ஃபோமின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கும் டிகிரிக்கும் சுமார் 0.035 வாட், தண்ணீருக்கோ 0.6 வாட். காற்றறைகளில் தண்ணீர் நிரம்ப நிரம்ப, வெப்பத்தைத் தடுக்கவேண்டிய அதே பலகை வெப்பத்தைக் கடத்தும் பாலமாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூடி புதிதுபோலவே தெரியும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எடை கூடுவதுதான் முதல் அறிகுறி. குளிர்காலக் காலையில் சுற்றிலும் வெண்பனி படிந்திருக்க, மூடியின் மேல் மட்டும், அல்லது அதன் நடுமடிப்பில் மட்டும் பனி உருகியிருந்தால் வெப்பம் அந்த வழியாகத்தான் போகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மடிப்பின் இடைவெளியை நான் குறிப்பாக வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் வெந்நீர் ஆவியாகிப் போனால் அதோடு சுமார் 0.67 யூனிட் வெப்பமும் போய்விடுகிறது. 1000 லிட்டர் நீரை அரை டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமான வெப்பம் அது. விரலளவு இடுக்கின் வழியாக இரவெல்லாம் ஆவி எழுவதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். நீரின் மேல் நேரடியாக மிதக்கும் ஒரு வெப்பத் தடுப்பு விரிப்பைப் போட்டு, அதன் மேல் மூடியைப் பூட்டினால் ஆவியாதல் வெகுவாகக் குறையும். மூடியின் ஃபோமும் நீண்ட காலம் காய்ந்த நிலையில் இருக்கும். அந்த வீட்டில் புதிய மூடியும் விரிப்பும் போட்டபின் அதே சோதனையைச் செய்தோம். பத்து மணி நேரத்தில் இறங்கியது ஒன்றரை டிகிரி மட்டுமே. பிள்ளைகள் மறுபடியும் விருப்பம்போல் குளிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து, எப்போதும் சூடாகவே வைத்திருப்பது நல்லதா, அணைத்துவிட்டுத் தேவைப்படும்போது சூடாக்குவது நல்லதா என்று கேட்காதவர்களே இல்லை. ஆறிய நீரை மறுபடி சூடாக்கத்தான் அதிக மின்சாரம் ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியல்ல. வெப்ப இழப்பு என்பது நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது; ஆகவே நீர் ஆறியிருக்கும் நேரத்தில் இழப்பும் குறைவாகவே இருக்கும். ஆயினும் எவ்வளவு மிச்சமாகும் என்பதைத் தொட்டியின் தரமே தீர்மானிக்கிறது. தினமும் குளிக்கும் வீட்டில், நல்ல தடுப்புள்ள தொட்டி ஒரு பகலில் மூன்று டிகிரி ஆறுகிறது என்றும், வெளியே 15 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், சேமிப்பு ஆறேழு சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் வெப்பநிலையைக் குறைத்துவைத்துச் செல்வது தெளிவான லாபம். இரவில் யூனிட் விலை குறையும் கட்டண முறை இருந்தால், சூடாக்கும் வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுவது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, 15 டிகிரிக் குளிரில் 40க்குப் பதிலாக 38 என்று அமைத்தாலே காத்திருப்பு இழப்பு எட்டு சதவீதம் குறைகிறது. 40 டிகிரியைத் தாண்டவே கூடாது என்பது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. கருவுற்ற பெண்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவேண்டாம்.

நீரைச் சுழற்றும் சிறிய பம்பு 100 வாட் என்றாலும், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். அதைக் கண்டதும் பம்பை நிறுத்திவிடத் தோன்றும்; நிறுத்தாதீர்கள். நோயை உண்டாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் பெருகக்கூடியது. ஹாட் டப்பின் வெப்பநிலை முழுவதும் அந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது. வடிகட்டலிலும் கிருமிநாசினியிலும் செய்யும் சிக்கனத்தை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை. ஃபில்டரை ஒழுங்காகக் கழுவுவதும், குளித்து முடித்ததும் காற்று வால்வுகளை மூடிவிடுவதும் போதும். திறந்திருக்கும் வால்வு சுழற்சியின்போது குளிர்காற்றை உறிஞ்சி நீரோடு கலந்துகொண்டே இருக்கும். ஹீட்டரில் சுண்ணாம்பு படிவதால் கட்டணம் பெரிதாக ஏறாது, ஏனெனில் அந்த வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. கெடுவது ஹீட்டரின் ஆயுள்.

இன்னொரு வீட்டில், செலவைக் குறைக்கவென்று சுவரில் செருகும் மலிவான டைமரை வாங்கி, 3 கிலோவாட் ஹீட்டரை அதன் வழியாக ஓடவிட்டிருந்தார்கள். 230 வோல்ட்டில் அது சுமார் 13 ஆம்பியரை மணிக்கணக்காக இழுக்கும். பிளக்கைப் பிடுங்கியபோது ஒரு முனை பழுப்பேறி, சாக்கெட்டின் வாய் உருகி வளைந்திருந்தது. நேரத்தைக் கட்டுப்படுத்தத் தொட்டியின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகையையே பயன்படுத்துங்கள். தனி மின்சுற்றும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத ஹாட் டப்பில் குழந்தைகளை இறக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். உறைபனிக் காலத்தில் மின்சாரத்தை முற்றிலும் அணைத்துவைத்தால் குழாய்கள் உறைந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மிதமான காலநிலையில் மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் தரும். குளிர் கூடும்போது அந்த விகிதம் இறங்கும். ஆனால் மூடி ஊறிப்போன தொட்டிக்கு ஹீட் பம்ப் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுவதைப் போன்றது என்பதால், மூடியை மாற்றியபிறகே அதைப் பற்றிப் பேசுவேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் ஜெட்களின் எண்ணிக்கைக்கு முன்பாக, காத்திருப்பு நிலையில் எத்தனை வாட் எடுக்கும் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கலிபோர்னியா மாநிலம் இதற்கு உச்ச வரம்பே வைத்திருக்கிறது. அதன்படி சுமார் 1500 லிட்டர் கொண்ட சாதாரண ஹாட் டப் 245 வாட் அளவைத் தாண்டக்கூடாது. காற்றடைத்துப் பயன்படுத்தும் வகைக்கு அங்கே தனியாகத் தளர்வான வரம்பு உண்டு, அவற்றின் மெல்லிய சுவர் வெப்பத்தை அவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறது. கிடைத்த வாட் எண்ணை 24ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஒரு நாளின் யூனிட் வரும். 245 வாட்டுக்கு அது சுமார் 5.9, மாதத்துக்கு 176. உங்கள் கட்டணம் படிநிலை முறையில் இருந்தால் இந்த யூனிட்கள் ஏற்கெனவே ஆகும் செலவுக்கு மேலே போய் அமரும் என்பதால், சராசரி விலையால் பெருக்காமல் உங்கள் ரசீதில் உள்ள மிக உயர்ந்த படிநிலையின் விலையால் பெருக்கிப் பாருங்கள்.