பீதி, மாயம், கதறல்: முதல் பக்கத்தில் செய்தி கதையாகும் விதம்

பதினான்கு ஆண்டுகள் ஒரு மாலை நாளிதழில் உதவி ஆசிரியராகப் பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி இராமநாதபுரம் கடற்கரைச் செய்திகளுக்குத் தலைப்பு வைப்பதிலேயே கழிந்தது. பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய ஊர்களிலிருந்து பகுதிநேர நிருபர்கள் அனுப்பும் செய்தி பெரும்பாலும் பத்து வரிக்கு மேல் இராது. அதை முதல் பக்கத்துக்கு ஏற்றதாக மாற்றுவதும், டீக்கடை வாசலில் தொங்கும் போஸ்டருக்கு நான்கு சொற்களைத் தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்பு.

ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்: 'பாம்பனில் கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி.' நிருபர் எழுதியிருப்பது, காலையில் நீர் விலகியதால் நாட்டுப்படகுகள் தரைதட்டி நின்றன என்பது மட்டுமே. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றும்போது, காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கி வலுத்தால், வடகடல் ஓரத்தில் பாசியும் சிப்பியும் வெளியே தெரியும் அளவுக்கு நீர் விலகும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். மீனவர்கள் படகு மிதக்கும்வரை வலையைச் சீர்செய்துகொண்டு காத்திருப்பார்கள். பீதியடைந்ததாக அவர்களில் எவரும் நிருபரிடம் சொன்னதில்லை. 'பீதி' என்ற சொல் அலுவலக மேசையில் சேர்க்கப்பட்டது. பல முறை அதைச் சேர்த்தது என் கைதான்.

அந்தத் தலைப்பில் 'சுனாமி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஐயும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும் மறவாத கரை இது; பாதிக் கதையைச் சொன்னால் மீதியை வாசகரின் நினைவே நிரப்பிவிடும். அதிலுள்ள ஆபத்து பெரிது. நிலநடுக்கத்தை அடுத்துக் கடல் சில நிமிடங்களிலேயே வெகுதூரம் விலகினால், அது உடனே மேடான இடத்துக்கு ஓட வேண்டிய வேளை. 2007 முதல் ஐதராபாத்திலிருந்து இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அத்தகைய எச்சரிக்கைக்காகவே இருக்கிறது. வழக்கமான நீர் வற்றத்தையும் ஆண்டுதோறும் 'பீதி' என்றே எழுதிவந்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அதை யார் நம்புவார்கள் என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் இப்படித்தான் கையாளப்படுகிறது. மொத்தமுள்ள 11 எச்சரிக்கைகளில் முதல் இரண்டும் தொலைவில் கடலில் உருவான புயல் சின்னங்களைக் குறிப்பவை. அந்த விளக்கம் உள்பக்கத்துக்குப் போக, கூண்டின் எண் மட்டும் முதல் பக்கத்தில் பெரிதாக நிற்கும்.

இனிச் சொல்வது என் மனத்தை இன்றும் அறுப்பது. அதிகாலையில் நாட்டுப்படகில் போன இருவர் மதியம்வரை கரை திரும்பவில்லை, உறவினர்கள் கரையில் காத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. நான் வைத்த தலைப்பு: 'நடுக்கடலில் மீனவர்கள் மாயம், குடும்பத்தினர் கதறல்.' கதறல் என்பது அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. இயந்திரம் பழுதாகி நின்ற அந்தப் படகை மறுநாள் விடியலில் வேறொரு படகு கட்டி இழுத்துவந்து சேர்த்தது. ஆனால் அவர்களில் ஒருவரின் தாயாருக்கு, நோயாளி என்பதால் வீட்டார் எதையும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவர் அதைத் தெருமுனை போஸ்டரில் படித்து அங்கேயே மயங்கி விழுந்தார் என்று நிருபர் பிறகு சொன்னார். 'கரை திரும்பவில்லை' என்பது காத்திருப்பவருக்கு நம்பிக்கையை விட்டுவைக்கும் சொல். 'மாயம்' என்பதோ முடிவு தெரியும் முன்பே முடிவை எழுதிவிடுகிறது.

இந்த வழக்கம் நம் ஊரோடு நிற்பதில்லை. 1982-இல் ஃபாக்லாந்து போரின்போது 'ஜெனரல் பெல்கிரானோ' என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும், பிரிட்டனின் 'தி சன்' நாளிதழ் 'சிக்கினாயா!' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லை மே 4 அன்று முதல் பக்கம் முழுக்கப் பரப்பியது. உயிரிழப்பின் அளவு தெரியத் தொடங்கியதும் அடுத்த பதிப்பில் தலைப்பை மாற்றினார்கள். இறந்தவர்கள் 323 பேர். அந்த வீடுகளிலும் கரையைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகவே, ஒரு தலைப்பைப் படிக்கும்போது, அதிலுள்ள உணர்ச்சிச் சொல்லை யார் சொன்னதாக உள்ளே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சொன்னவர் இல்லையெனில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, மிஞ்சுவதை மட்டும் செய்தியாகக் கொள்ளுங்கள். கடலுக்குப் போனவரைப் பற்றிய செய்தியானால் போஸ்டரை நம்பி வீட்டுக்கு ஓடாமல், விசைப்படகுக்குக் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் கொடுத்த மீன்வளத்துறை அலுவலகத்திலும், 1093 என்ற கடலோரப் பாதுகாப்புக் குழும எண்ணிலும், 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணிலும் கேளுங்கள். தலைப்பால் பாதிக்கப்பட்ட குடும்பம் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் முறையிட வேண்டும்; மறுமொழி நிறைவு தராவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்தை அணுகலாம். மன்றத்தால் தண்டனை விதிக்க முடியாது. எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். நான் பணியில் இருந்த ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து அப்படியொரு கடிதம்கூட என் மேசைக்கு வந்ததில்லை.