பொது ஆவணம்: அதிகாரி அனுப்பும் குறுஞ்செய்தியும் அதில் சேருமா?

வேலூர்ப் பக்கம் அரசு அலுவலகங்களில் ‘ரெக்கார்டு’ என்பார்கள். கோர்ட்டில் பழைய ஆட்கள் ‘தஸ்தாவேஜு’ என்பார்கள். இது பாரசீகச் சொல். ‘தஸ்த்’ என்றால் கை. தாசில்தார், ஜமாபந்தி, ரசீது என்று ஆற்காடு நவாப் ஆட்சியில் இங்கே புழங்கிய சொற்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. ரெக்கார்டின் வேர் லத்தீன். ‘நினைவுக்குக் கொண்டுவருதல்’ என்பது அதன் முதல் பொருள்.

தமிழில் சரியான சொல் எது? பலர் ‘பதிவேடு’ என்று எழுதுகிறார்கள். ஆனால் அது வரிசையாகக் குறித்து வைக்கும் நோட்டுக்கே பொருந்தும். ‘ஆவணம்’ விரிந்த சொல், பழைய சொல்லும்கூட. குடத்துக்குள் இருக்கும் ஓலைகளை, மேலே இட்ட முத்திரையைப் பார்த்து உடைத்து எடுப்பவர்களை ‘ஆவண மாக்கள்’ என்கிறது அகநானூறு 77ஆம் பாட்டு. அன்றே முத்திரை வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள், அதைச் சரிபார்த்துத் திறந்திருக்கிறார்கள். அதனால் ‘பொது ஆவணம்’ என்பதே என் தேர்வு. ‘அரசு ஆவணம்’ என்றால் அது அரசின் சொத்து என்று தோன்றிவிடும்.

சரி, குறுஞ்செய்திக்கு வருவோம். பாலாற்றங்கரை ஆக்கிரமிப்பை அகற்றும் வேலையை நிறுத்தச் சொல்லி ஓர் அதிகாரி தன் சொந்த போனிலிருந்து கீழ் அலுவலருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் வேலை நின்றுவிடுகிறது. அந்தச் செய்தி ஆவணமா?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கணினியோ வேறு கருவியோ உருவாக்கும் எதையும் ஆவணத்தில் சேர்க்கிறது; மின்னஞ்சலைத் ‘தகவல்’ என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் ஸ்மார்ட்போனில் உள்ள செய்திகளை ஆவணம் என்கிறது. ஆக, வடிவம் தடையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அலுவலகத்தின் வசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் தகவலைத்தான் நாம் கேட்க முடியும். ‘போன் என்னுடையது’ என்று அதிகாரி சொன்னால்? கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017இல் சான் ஹோசே நகர வழக்கில் இதற்குப் பதில் சொன்னது: அரசு வேலை பற்றிய செய்தி சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது ஆவணமே. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் இங்கும் அதேதான். வீட்டுக்கு அனுப்பிய செய்தியை யாரும் கேட்கவில்லை. வேலையை நிறுத்திய செய்தி அந்தப் பதவியின் பெயரால் போனது. போன் யாருடையது என்பதை வைத்து அதை மறைக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் ‘கோப்பு நகல்’ என்று மட்டும் எழுதி விட்டுவிட வேண்டாம். ‘இது தொடர்பான குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் உட்பட அனைத்து ஆவணங்களும்’ என்று தேதி வரம்போடு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதில் தர 30 நாள் கெடு.