சொல் விளக்கம்: காலநிலை அறிக்கையில் மக்கள் பங்கேற்பு

‘பப்ளிக் பார்ட்டிசிபேஷன்’ என்னும் தொடர், காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு ஆவணங்களில் 1992ஆம் ஆண்டு முதலே இடம்பெற்று வருகிறது. அவ்வாண்டு ரியோ டி ஜெனிரோ புவி உச்சி மாநாட்டில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு, 1994 மார்ச் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஐ.நா. காலநிலை மாற்றக் கட்டமைப்பு உடன்படிக்கை, தன் 6ஆம் பிரிவில் கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு, தகவல் பெறும் வாய்ப்பு ஆகியவற்றோடு இதனையும் உறுப்பு நாடுகளின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடும் 12ஆம் பிரிவில் இதை மீண்டும் வலியுறுத்தியது. தமிழில் இத்தொடருக்கு மக்கள் பங்கேற்பு, பொதுமக்கள் ஈடுபாடு, மக்கள் பங்களிப்பு, கருத்துக்கேட்பு என்று பல சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. இவை ஒரே பொருளைத் தருவன அல்ல. காலநிலை நடவடிக்கை பற்றி ஓர் அரசு உலகுக்கு அளிக்கும் அறிக்கையில் மக்களுக்கு என்ன இடம் இருந்தது என்று சொல்ல வேண்டிய வரியில் தவறான சொல் வந்து அமர்ந்தால், இல்லாத உரிமை இருந்ததாகப் பதிவாகிவிடும்.

‘பார்ட்டிசிபேஷன்’ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘பார்ஸ்’ என்றால் பங்கு. ‘காபெரே’ என்றால் எடுத்தல், கைக்கொள்ளுதல். பங்கு, ஏற்பு என்னும் இரு சொற்களால் ஆன ‘பங்கேற்பு’ இதற்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்தி நிற்கிறது. ‘பங்கு’ என்பது பகு, பகிர், பகுதி ஆகிய சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ஏல்’ என்னும் வினைக்குப் பழந்தமிழில் இரத்தல் என்ற பொருளும் உண்டு. ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஔவை சொன்னது அந்தப் பொருளில்தான். பதவியேற்பு, பொறுப்பேற்பு என்னும் வழக்குகளில் அதே வினை, தனக்குரியதைத் தன் கையில் எடுத்துக்கொள்வதைக் குறிக்கிறது. பங்கேற்பில் உள்ள ‘ஏற்பு’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அரசு இரங்கித் தருவதை வாங்கிக்கொள்வது அதன் பொருளன்று. ஆகவே பங்கேற்பு நிகழ வேண்டுமானால், ஏற்பதற்கு ஒரு பங்கு இன்னும் மிஞ்சியிருக்க வேண்டும். எழுதி முடித்து ஒப்புதலும் பெற்றுவிட்ட ஓர் ஆவணத்தைக் காண அழைக்கப்படுபவர் பார்வையாளராகலாம், பங்கேற்பாளராக முடியாது.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1998 ஜூன் 25 அன்று ஏற்கப்பட்ட, சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய உடன்படிக்கை இக்கருத்தைச் சட்ட மொழியில் எழுதிவைத்திருக்கிறது. எல்லாத் தெரிவுகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்றும், அவ்வாறு பெறப்பட்டவற்றை முடிவெடுக்கும்போது உரிய முறையில் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நான் அறிந்தவரை இச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான வரையறை வேறு பன்னாட்டு ஆவணங்களில் இல்லை.

இனி மற்றச் சொற்கள். ‘ஈடுபாடு’ மனம் ஒன்றில் தோய்வதைக் குறிப்பது. ஒருவருக்குக் காலநிலை குறித்து ஆழ்ந்த ஈடுபாடு இருக்கலாம், அரசின் அறிக்கையில் அவருக்கு எந்த இடமும் இல்லாமலும் போகலாம். ‘பங்களிப்பு’ கொடுப்பவரின் செயல். மேலும், பாரிஸ் உடன்பாட்டின் கீழ் ஒவ்வொரு நாடும் அளிக்கும் உறுதிமொழியைத் தமிழில் ‘தேசிய அளவில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு’ என்று ஏற்கெனவே வழங்குவதால், அதே துறையில் இன்னொரு பொருளுக்கு இச்சொல்லை ஆள்வது குழப்பத்தையே தரும்.

‘கருத்துக்கேட்பு’ சற்று நின்று ஆராய வேண்டிய சொல். தமிழ்நாட்டில் இதை அறியாத ஊர் குறைவு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையில் 1997இல் சேர்க்கப்பட்டு, 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட அறிவிக்கையால் விரிவாக வகுக்கப்பட்ட பொது விசாரணையை மக்கள் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்றே அழைக்கின்றனர். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் எதிராகவோ ஆதரவாகவோ பேசுவதற்கு மாவட்டந்தோறும் பந்தல் போட்டு நடத்தப்படும் அந்தக் கூட்டங்களில் வேரூன்றிய இச்சொல் நேர்மையான சொல். அதன் எழுவாய் யார் என்பதை அது மறைப்பதில்லை. கேட்பது அரசு, சொல்வது மக்கள், முடிவெடுப்பது மீண்டும் அரசு. பங்கேற்பிலோ எழுவாய் மக்களே. ஆதலால் கருத்துக்கேட்பு பங்கேற்பின் ஒரு படியாகலாம். அதற்கு மாற்றுப்பெயர் ஆகாது.

‘பப்ளிக்’ என்பதற்கு ‘மக்கள்’ போதுமா, ‘பொதுமக்கள்’ வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. செய்தித் தமிழில் ‘பொதுமக்கள்’ என்றால் அதிகாரிகளும் வல்லுநர்களும் அமைப்புகளும் நீங்கலான ஏனையோர் என்று பொருள்படுகிறது. ஆர்ஹுஸ் உடன்படிக்கையோ தனி மனிதர், சட்டத்தால் ஆளாகக் கருதப்படும் நிறுவனங்கள், அவர்களின் சங்கங்கள், குழுக்கள் அனைவரையும் அச்சொல்லுள் அடக்குகிறது. மீனவர் சங்கமும் பாசனச் சங்கமும் விடுபடாதிருக்க ‘மக்கள்’ என்பதே ஏற்றது.

‘நேஷனல் கம்யூனிகேஷன்’ என்பது நாடுகள் ஐ.நா. காலநிலைச் செயலகத்துக்கு அளிக்கும் காலநிலை அறிக்கையின் பெயர். ‘தேசியத் தொடர்பாடல்’ என்று அதைப் பெயர்த்தால் தமிழ் வாசகருக்கு விளங்குவது கடினம். ‘தேசியக் காலநிலை அறிக்கை’ என்றால் உடனே விளங்கும். ‘கம்யூனிகேஷன்’ என்பதன் லத்தீன் அடி ‘பொதுவாக்குதல்’ என்ற பொருளுடையது. ‘அறிக்கை’யோ ‘அறி’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. கிறித்தவத் தமிழில் ‘அறிக்கையிடுதல்’ என்றால் தன் பிழையையும் மறைக்காமல் வெளிப்படச் சொல்லுதல். இத்தகைய ஆவணத்துக்கு அந்த அழுத்தமும் தகும்.

இந்தியா இவ்வகையில் முதல் அறிக்கையை 2004இலும் இரண்டாவதை 2012இலும் மூன்றாவதை 2023 டிசம்பரிலும் அளித்தது. இடையிடையே ஈராண்டுப் புதுப்பிப்பு அறிக்கைகளும் அளிக்கப்பட்டன, அவற்றுள் நான்காவது 2024 டிசம்பரில் சென்றது. இங்கேதான் நம் தொடர் இரண்டு பொருள்களில் பிரிகிறது. கல்வி, விழிப்புணர்வு, மக்கள் பங்கேற்பு ஆகியவற்றில் நாடு செய்தவற்றை அறிக்கையின் ஓர் இயலில் எழுதுவது ஒன்று. அந்த அறிக்கையை ஆக்குவதிலேயே மக்கள் பங்கேற்பது மற்றொன்று. முன்னது இருப்பதைக் காட்டிப் பின்னதும் நடந்ததாகக் கொள்ள முடியாது. பாரிஸ் உடன்பாட்டின் 13ஆம் பிரிவு நிறுவிய வெளிப்படைத்தன்மைக் கட்டமைப்பின் கீழ் நாடுகள் ஒன்றையொன்று வினவும் அமர்வுகளில்கூட, பதிவு பெற்ற பார்வையாளர்கள் அமர்ந்து காணலாமே தவிர, வினா எழுப்பும் உரிமை நாடுகளுக்கே உண்டு.

அறிக்கையை ஆக்குவதிலேயே மக்கள் பங்கேற்பதற்கு நடைமுறைச் சான்றுகள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தன் நாட்டுப் பசுங்குடில் வாயுக் கணக்கின் வரைவை ஆண்டுதோறும் முதலில் வல்லுநர்களிடமும், பின்னர் அரசிதழ் அறிவிப்பின் வழியே 30 நாள் மக்களிடமும் வைத்து, வந்த கருத்துகளுக்கு விடையளித்து வெளியிடும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தது. எழுதப்பட்ட வழக்கம்கூட எளிதில் முறியும் என்பதையும் அந்நாடே காட்டியது: 2025இல் ஏப்ரல் 15 என்னும் கெடு கடந்தும் அக்கணக்கு ஐ.நா.வுக்கு அளிக்கப்படவில்லை, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு கேட்டுப் பெற்ற பிறகே அது உலகின் கண்ணுக்கு வந்தது. ஐரோப்பாவில் நிகழ்ந்தது வேறு. அயர்லாந்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் செயல்திட்டத்தில் மக்கள் உரிய முறையில் பங்கேற்க ஐரோப்பிய ஒன்றியம் போதிய சட்ட ஏற்பாடு செய்யவில்லை என்று ஆர்ஹுஸ் உடன்படிக்கை பின்பற்றப்படுகிறதா என்று ஆராயும் இணக்கக் குழு 2012இல் கண்டது. ஒன்றியம் 2018இல் இயற்றிய ஒழுங்குமுறை, ஆற்றல், காலநிலைத் திட்டங்களை வரையும் கட்டத்திலேயே மக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது.

இந்தியாவில் 2014இல் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, சட்டங்களுக்கும் விதிகளுக்கும் உரியது. 2006 அறிவிக்கை தனித்தனித் திட்டங்களுக்கு உரியது. தேசியக் காலநிலை அறிக்கை இவ்விரண்டின் எல்லைக்குள்ளும் வருவதில்லை. மொழி இன்னொரு தடை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய அறிவிக்கையின் வரைவு 2020இல் வெளிவந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட்டது. காலநிலை அறிக்கைகளோ ஆங்கிலத்தில் அமைகின்றன. அவற்றில் மக்களுக்குரிய பங்கு சிறிதன்று: 2020ஆம் ஆண்டில் இந்தியாவின் பசுங்குடில் வாயு உமிழ்வில் வேளாண்மையின் அளவு 13.72 விழுக்காடு; அதில் நெல் வயலின் மீத்தேனைக் கணிக்க, வயலில் நீர் இடைவிடாமல் நின்றதா, ஒரு முறை வடிந்ததா, பல முறை வடிந்ததா என்று வகை பிரிக்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் உழவர் நேரில் அறிந்த செய்தி அது.

எழுதுவோர் இவ்வாறு ஆளலாம். வரைவை வெளியிட்டு எழுத்து வழியே கருத்துகள் பெறப்பட்டிருந்தால் ‘கருத்துக்கேட்பு’. நிறுவனங்களையும் அமைப்புகளையும் அழைத்துப் பேசியிருந்தால் ‘கலந்தாய்வு’. தரவு திரட்டும் கட்டத்திலேயே மக்கள் சேர்ந்து, அவர்கள் சொன்னதற்கு என்ன விடை கிடைத்தது என்பதும் அறிக்கையிலேயே காணக்கிடைத்தால் ‘மக்கள் பங்கேற்பு’. கூட்டம் நடத்திப் படம் எடுத்துப் போட்டதற்கு ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ என்னும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.