ஆட்டோ த்ராட்டில்: குரல்வளையிலிருந்து வந்த சொல்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரில் போயிங் 737 ஓட்டிப் பழகியவர்கள் பலருக்கும் இது நடந்திருக்கும். ஓடுபாதை நேரெதிரே தெரிகிறது, உயரம் 500 அடி, வேகம் அசையாமல் நிற்கிறது. ஆட்டோபைலட்டை நிறுத்துகிறோம், கூடவே எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டிலையும் நிறுத்துகிறோம். அந்த நொடியே எஞ்சின் ஒலி படுத்துவிடுகிறது, மூக்கு தொங்குகிறது, விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே இறங்கப் பார்க்கிறது. விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. திரையில் இருக்கும் எஞ்சின் விசை நெம்புகோல் அதுவரை நடுவில் இருந்தது. மேசையில் இருக்கும் நம் நெம்புகோலோ அடியில் கிடந்தது. தானியங்கி கையை எடுத்ததும் விமானம் மேசையில் இருப்பதைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். எனக்கு இது புரிய நாலைந்து விமானங்கள் செலவாயின.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஆட்டோ’ என்றால் கிரேக்கத்தில் ‘தானே’. தமிழில் அதைத் தனியாகச் சொன்னால் மூன்று சக்கரங்கள்தான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். சுவையான பாதி ‘த்ராட்டில்’. ஆங்கிலத்தில் தொண்டையைக் குறிக்கும் ‘த்ரோட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. வினையாக வந்தால் குரல்வளையை நெரிப்பது என்று பொருள். நீராவி எஞ்சினுக்குப் போகும் குழாயில், நீராவியின் வழியைக் குறுக்கி நெரிக்கும் வால்வுக்கு இந்தப் பெயர் பொருத்தமாக அமைந்தது. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் எஞ்சினில் இரண்டு உருண்டைகள் சுழலும் ஒரு சீராக்கியைப் பொருத்தினார். எஞ்சின் வேகம் கூடினால் உருண்டைகள் விலகி வால்வை நெரிக்கும்; வேகம் குறைந்தால் தாழ்ந்து திறந்துவிடும். விமானமே இல்லாத காலத்தில் வந்த ஆட்டோ த்ராட்டில் என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

பெட்ரோல் எஞ்சினிலும் காற்று போகும் வழியை ஒரு தகடு நெரிக்கிறது, ஆகவே பெயர் அங்கும் செல்லும். ஜெட் எஞ்சினில் அப்படி நெரிக்கப்படும் தொண்டை கிடையாது. நெம்புகோலைத் தள்ளினால் கூடுதல் எரிபொருள் போகிறது, உந்துவிசை கூடுகிறது. போயிங் கையேடுகளே நெம்புகோலை ‘த்ரஸ்ட் லீவர்’ (த்ரஸ்ட் என்றால் உந்துவிசை) என்று எழுதிவிட்டு, தானியங்கியை மட்டும் ‘ஆட்டோ த்ராட்டில்’ என்கின்றன. ஏர்பஸ் ‘ஆட்டோ த்ரஸ்ட்’ என்று நேராகவே பெயர் வைத்துக்கொண்டது.

இரண்டும் வெறும் பெயர் வேறுபாடு இல்லை. போயிங்கில் ஒரு மோட்டார் நெம்புகோலையே நகர்த்துகிறது. கையை மேலே வைத்திருந்தால் அது முன்னும் பின்னும் போவது உள்ளங்கையில் தெரியும். ஏர்பஸ் 320இல் நெம்புகோல் ‘க்ளைம்ப்’ (மேலேறுதல்) என்ற பள்ளத்தில் உட்கார்ந்தபடியே இருக்கும், விசை மட்டும் உள்ளே ஏறி இறங்கும். நெம்புகோல் காட்டுவது அதிகபட்ச வரம்பை மட்டுமே. அதனால் மோட்டார் இல்லாத மேசை நெம்புகோலோடு சிமுலேட்டர் ஓட்டுபவருக்கு ஏர்பஸ்தான் இயல்பாகப் பொருந்தும். போயிங் ஓட்டினால், தானியங்கியை நிறுத்துவதற்கு முன் மேசையில் இருப்பதைத் திரையில் இருப்பதோடு ஒத்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இது ஒரு சின்ன வேலை, ஆனால் மறந்தால் மேலே சொன்ன கதைதான்.

அப்புறம், 737இல் ஏன் ஆட்டோபைலட், ஆட்டோ த்ராட்டில் இரண்டையும் சேர்த்தே நிறுத்தச் சொல்கிறார்கள்? எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. விசை கூடினால் மூக்கு எழும், குறைந்தால் தாழும். நாம் கையால் மூக்கைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது தானியங்கி தன்பாட்டுக்கு விசையை மாற்றினால் இருவரும் ஒருவரையொருவர் துரத்துவோம். போயிங் 777இல் கணினி இந்த ஆட்டத்தைச் சமன் செய்துவிடுவதால், கையால் இறக்கும்போதும் ஆட்டோ த்ராட்டிலை விட்டுவைக்கலாம். ஓடுபாதைக்குச் சுமார் 25 அடி மேலே அது தானே நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஏர்பஸ் 320இல் அந்த இழுப்பு நம் வேலை. கையால் இறக்கும்போது 20 அடியில் ‘ரிட்டார்ட்’ (பின்னுக்கு இழு) என்று ஒரு குரல் நினைவூட்டும். இழுக்காமல் விட்டால் தானியங்கி வேகத்தைக் காப்பதிலேயே குறியாக இருக்கும், விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும்.

இப்போது தமிழுக்கு. ‘தானியங்கி முடுக்கி’ என்று சொல்லிப் பார்க்கத் தோன்றும். எனக்கு ஒப்பவில்லை. முடுக்குவது வேகத்தைக் கூட்டுவது. தரையிறங்கும்போது இந்தக் கருவி செய்வது பெரும்பாலும் வேகத்தைக் காப்பதும் குறைப்பதும். ‘தானியங்கி நெரிப்பான்’ வேர்ச்சொல்லுக்கு நேர்மையானது, ஆனால் ஜெட் எஞ்சினில் இல்லாத தொண்டையைத் தமிழிலும் புதிதாகக் கொண்டுவந்து நெரிப்பானேன்? சுருக்கமாகத் ‘தானுந்து’ என்று வைக்கலாமென்றால், அந்தச் சொல்லைக் கார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆகவே ‘தானியங்கு உந்துவிசைக் கட்டுப்பாடு’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் செய்வதைச் சொல்கிறது. நெம்புகோலுக்கு ‘உந்துவிசை நெம்புகோல்’. பேச்சில் ஆட்டோ த்ராட்டில் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இதைவிடக் கவனமாகப் பெயர்க்க வேண்டியவை, தானியங்கி எந்த நிலையில் இருக்கிறது என்று விமானியின் திரையின் மேல்பகுதியில் காட்டும் சின்னச் சொற்கள். 2009 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரு துருக்கிய 737-800இல், தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று தவறாகக் காட்டியது. விமானம் தரைக்கு வந்துவிட்டதாக எண்ணி ஆட்டோ த்ராட்டில் ‘ரிட்டார்ட்’ நிலைக்குப் போய் விசையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. திரையில் அந்தச் சொல் இருந்தது. வேகம் கரைவதை விமானிகள் கவனிக்கத் தாமதமானது. 9 பேர் இறந்தார்கள். இந்தச் சொல்லை நான் ‘விசை இறக்கம்’ என்று எழுதுவேன்.

2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 777 விபத்தில் மாட்டியது ‘ஹோல்ட்’. கேட்டால் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பதுபோல் இருக்கிறது. உண்மையில் அந்த நிலையில் மோட்டார் நெம்புகோலை விட்டுவிடுகிறது. விமானி எங்கே வைத்தாரோ அங்கேயே அது கிடக்கும். அன்று அது அடியில் கிடந்தது. தானியங்கி வேகத்தைக் காக்கும் என்ற நினைப்பில் விமானிகள் இருக்க, 137 ‘நாட்’ (விமான வேகத்தின் அலகு) இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது; 3 பேர் உயிரிழந்தார்கள். ‘ஹோல்ட்’டைப் ‘பிடி’ என்று தமிழாக்கினால் அதே பொறி தமிழிலும் காத்திருக்கும். ‘கைவிட்ட நிலை’ என்று எழுதுங்கள்.