பக் ரிப்போர்ட் போடுங்க, ஆனா யார் வீட்டுக் கதவுன்னு பாத்துத் தட்டுங்க

பக்குன்னா புரோக்ராம்ல இருக்குற கோளாறு, அத தப்பான ஆளுக்கு எழுதிட்டு எங்கிட்ட வந்து பொலம்புறதுல இந்த மாசம் இது நாலாவது ஆள், அதான் உக்காந்து எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

2025 அக்டோபர் 14ஓட வின்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னு போச்சு. நல்லா ஓடுற லேப்டாப்ப தூக்கிப் போட மனசு வராம எங்க அடுக்குமாடி புளோக்ல நெறைய பேரு எங்கிட்ட கொண்டு வந்தாங்க, நானும் வார நாள்ல சிஸ்டம் அட்மின் வேலை, சனிக்கிழமை வாய்ட் டெக்ல, அதாவது புளோக்குக்குக் கீழ இருக்குற திறந்த தளத்துல, உக்காந்து எல்லாருக்கும் லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் குடுத்தேன். டாக்குமென்ட் அடிக்க வேர்டுக்குப் பதிலா அதுல லிபர்ஆபிஸ். அதுல தமிழ் டியூஷன் எடுக்குற அண்ணன் ஒருத்தரு. போன வாரம் வாட்ஸ்அப்ல வர்றாரு, "தம்பி, லிபர்ஆபிஸ்ல பக் இருக்கு, எழுதுனவங்களுக்கே நேரா மெயில் போட்டுட்டேன், மூணு பேருக்கு, ஒருத்தன்கூட பதில் போடல, ஓப்பன் சோர்ஸ்னாலே இப்படித்தானா?"ன்னு.

என்ன பக்குண்ணேன்னா, ரெண்டு பக்க வொர்க்ஷீட் மூணு பக்கமா போகுதாம். ஃபைல தொறந்து பாத்தேன். வின்டோஸ்ல லதா ஃபாண்ட்ல அடிச்சது. லதா மைக்ரோசாஃப்ட்டோடது, மின்ட்ல கிடையாது, அதனால வேற தமிழ் ஃபாண்ட் வந்து உக்காருது, எழுத்தோட அகலம் மாறுது, கடைசி நாலு கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போயிடுது. அவ்ளோதான். இதுக்கு மூணு டெவலப்பரோட சொந்த மெயிலைத் தேடிக் கண்டுபுடிச்சிருக்காரு மனுஷன்!

சரி, அது பக்கே இல்ல. ஆனா நெசமாவே பக்கா இருந்திருந்தாலும் அந்த மெயில் தப்பான வீட்டுக்குத்தான் போயிருக்கும். எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயமே இதான், புரோக்ராம எழுதுனவரும் அத இன்ஸ்டால் பண்ற மாதிரி பொட்டலமா, அதாவது உங்க மெஷின்ல இருக்குற பேக்கேஜா, கட்டுனவரும் ஒரே ஆளுன்னு நெனச்சிக்கிறது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்ல லிபர்ஆபிஸ் எழுதுறாங்க. டெபியன்ங்கற லினக்ஸ் வகையக் கட்டுறவங்க அத எடுத்து, அவங்க சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி அங்கங்க ஒட்டுப் போட்டு பேக்கேஜ் பண்றாங்க. அதுலேருந்து உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸ், அதுக்கு மேல மின்ட். நடுவுல எத்தன கை! தேக்காவுல மளிகைக் கடைக்காரரு மூட்டையப் பிரிச்சு அரைக் கிலோ பாக்கெட்டா கட்டுன பருப்புல கல்லு இருந்தா கடைக்காரர்கிட்டதான கேப்பீங்க, வெளைச்ச விவசாயிய ஃபோன்ல புடிச்சா திட்டுவீங்க? கல்லு மூட்டையிலேயே இருந்துச்சுன்னா கடைக்காரரே மேல சொல்லுவாரு. அது அவரு வேலை.

இன்னொண்ணு, இந்த மாதிரி வெர்ஷன ஸ்டேபிள்னு சொல்லுவாங்க, ஸ்டேபிள்னா பக் இல்லாததுன்னு அர்த்தம் இல்லீங்க, மாறாததுன்னு அர்த்தம். மின்ட் 22 உபுண்டு 24.04 மேல நிக்குது, அதுல வந்த லிபர்ஆபிஸ் 24.2, அதாவது 2024 ஆரம்பத்துல வந்த வெர்ஷன். செக்யூரிட்டி ஓட்டை, பெரிய கோளாறு இத மட்டும் அடைப்பாங்க, மத்தபடி அப்படியே வச்சிருப்பாங்க, வேணும்னேதான். டெவலப்பரு அதுக்கப்புறம் எத்தனையோ வெர்ஷன் தாண்டிப் போயிருப்பாரு, அவர்கிட்ட போயி இத சொன்னா "புதுசுல பாத்தீங்களா?"ன்னுதான் கேப்பாரு. எக்ஸ்ஸ்கிரீன்சேவர்ங்கற ஸ்கிரீன்சேவர் புரோக்ராம எழுதுன ஜேமி ஜவின்ஸ்கி இந்தத் தொல்லை தாங்காம, பழைய வெர்ஷன்னா ஸ்கிரீன்லயே எச்சரிக்கை வர்ற மாதிரி புரோக்ராம்லயே எழுதி வச்சுட்டாரு, 2016ல டெபியன்ல அது பெரிய சண்டையாச்சு. 2025 பிப்ரவரில இன்னும் ஒரு படி மேல, ஓபிஎஸ் ஸ்டுடியோங்கற வீடியோ ரெக்கார்டிங் புரோக்ராம, ஃபெடோராங்கற இன்னொரு லினக்ஸ்காரங்க தாங்களே ஃபிளாட்பேக்கா (எந்த லினக்ஸ்லயும் ஓடுற ஒரு வகை பேக்கேஜ்) கட்டுனது சரியா ஓடல, ஜனங்க அதுதான் ஒரிஜினல்னு நெனச்சு ஓபிஎஸ்காரங்கள வறுத்தெடுத்தாங்க, எங்க பேரையும் லோகோவையும் எடுங்க, இல்லேன்னா சட்டப்படி போவோம்னு ஓபிஎஸ் சொல்ற அளவுக்குப் போச்சு.

அப்ப என்ன பண்ணணும்? மொதல்ல எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. டெர்மினல்ல ஆப்ட் பாலிசின்னு போட்டு பக்கத்துல பேக்கேஜ் பேர அடிச்சா வெர்ஷனும் வந்த எடமும் காட்டும். ஃபிளாட்பேக்னா ஃபிளாட்பேக் கட்டுனவரு, யாரோ ஒருத்தரு தனியா நடத்துற பேக்கேஜ் கிடங்குன்னா (பிபிஏ) அந்த ஒருத்தரு. ஃபைல் மேனேஜர் நெமோ, டெஸ்க்டாப் சினமன் மாதிரி மின்ட் தானே எழுதுனதுன்னா கிட்ஹப் தளத்துல அவங்க பக்கம். உபுண்டுலேருந்து வந்ததுன்னா அவங்க பக் வாங்குற தளமான லான்ச்பேட். அப்புறம் புதுசுல இருக்கான்னு பாருங்க, லிபர்ஆபிஸுக்கு ஆப்இமேஜ்னு ஒத்த ஃபைலா குடுக்குறாங்க, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டலாம். புதுசுலயும் அதே கோளாறுன்னா அப்ப தாராளமா எழுதுனவங்களோட பக் பதிவுத் தளமான பக்ஸில்லாவுக்குப் போங்க, வரவேற்பாங்க. புதுசுல இல்ல, பழசுல மட்டும்னா, சின்ன விஷயமா இருந்தா புது வெர்ஷனுக்கு மாறிடுங்க, இல்ல சகிச்சுக்குங்க. டேட்டா அழியுது, தொறந்தாலே கிராஷ் ஆகுதுன்னா மட்டும் பேக்கேஜ் பண்ணவங்களுக்குச் சொல்லுங்க.

"வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதாதீங்க, தயவுசெஞ்சு. என்ன அழுத்துனீங்க, என்ன வரணும், என்ன வந்துச்சு. ஏற்கனவே யாராச்சும் போட்டிருந்தா புதுசா ஒண்ணு போடாம அங்கயே எனக்கும் வருதுன்னு பட்டன அமுக்குங்க, லான்ச்பேட்ல இருக்கு. புள்ளைங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர் இருக்குற ஃபைல அப்படியே ஏத்துனீங்கன்னா தொலைஞ்சீங்க, ஒலகமே பாக்கும். ரெண்டு வரி மாதிரி ஃபைல் போதும்.

பாதுகாப்புக் கோளாறுன்னு சந்தேகம் வந்தா மட்டும் பொதுவுல போடாதீங்க, அதுக்குத் தனி செக்யூரிட்டி மெயில் இருக்கும். 2024 மார்ச்சுல ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டுங்கற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பரு, தூரத்து மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போயிதான், எக்ஸ்ஸட்ங்கற ஃபைல் சுருக்குற புரோக்ராம்ல யாரோ ஒளிச்சு வச்ச பின்கதவே வெளிய வந்துச்சு. டெபியன் பேக்கேஜ்லதான் கோளாறுன்னு நெனச்சு மொதல்ல டெபியன் செக்யூரிட்டி டீமுக்குத்தான் எழுதுனாரு. அவருக்கே கடைக்காரர்கிட்ட போகணும்னு தோணுச்சு பாருங்க.

இவ்ளோ திட்டிட்டு இப்ப கெஞ்சுறேன். தமிழ் சம்பந்தப்பட்ட பக் கண்ணுல பட்டா கண்டிப்பா போடுங்க. கூகுள்ல வராது, வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, ஏன்னா கொம்பு எழுத்து எங்க உக்காரணும், பேக்ஸ்பேஸ் அடிச்சா எது போகணும்னு பாக்குற கண்ணு அந்த டெவலப்பர்கிட்ட இல்ல. மூணாவது மாடி அக்கா ஒருத்தங்க, ஒரு எடிட்டர்ல தமிழ் அடிச்சுட்டு வேற எடத்துல கிளிக் பண்ணா கடைசி எழுத்து காணாமப் போகுதுன்னு, ஒவ்வொரு தடவையும் ஸ்பேஸ் தட்டிட்டு கிளிக் பண்ணியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க. "நான்தான் தப்பா அடிக்கிறேன்னு நெனச்சேன் தம்பி"ன்னு சொல்றாங்க. தேடிப் பாத்தேன், ஒரு ரிப்போர்ட் இல்ல. புது வெர்ஷன லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேருந்தே ஓடுற லினக்ஸ்) போட்டு ஓட்டிப் பாத்தோம், அதே கோளாறு, அக்கா பேருலயே கணக்குத் தொறந்து எழுதுனவங்களுக்கே அனுப்புனோம். நாலு நாள்ல பதில் வந்துச்சு, எந்த கீபோர்டு லேஅவுட்னு கேட்டு. அக்கா "தமிழ்99"னு பதில் போட்டுட்டு, சரியாயிடுச்சான்னு தெனம் லிஃப்ட்ல என்னக் கேக்குறாங்க.