அல்வா கொடுத்தால் கூட வருவாளா?

போன வருஷம் ஆனித் தேரோட்டத்தன்று பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் இருந்தேன். டவுனுக்குக் கிளம்பிய வீடே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அக்கா மகன் மட்டும் கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“என்னலே ஆச்சு?”

“கூட வந்தவளே அடிக்க வந்துட்டா மாமா. எவ்வளவு சாமான் குடுத்திருக்கேன் அவளுக்கு! எண்பது புள்ளிக்கு மேல வச்சிருந்தேன்.”

அவன் ஆடிக்கொண்டிருந்தது 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் என்ற கணினி விளையாட்டு. அடி கொடுத்தவள் அதில் கூடவே வருகிற தோழி லெலியானா; வில்வித்தைக்காரி, தெய்வ நம்பிக்கை மிகுந்தவள். மலைக்கோயில் ஒன்றில் அவள் சமயத்தார் போற்றும் புனிதச் சாம்பல் ஒரு கலசத்தில் இருக்கிறது. அதில் டிராகன் ரத்தத்தை ஊற்றினால் புதுப் போர்வித்தை கற்றுத் தருவதாக ஒருவன் ஆசை காட்டுகிறான். நம்ம ஆள் ஊற்றிவிட்டான். அதுவும் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே.

எண்பது புள்ளி என்றானே, கூட வருகிறவருக்கு நம்மை எவ்வளவு பிடிக்கிறது என்று ஆட்டம் வைத்திருக்கிற கணக்கு அது. அதை யார் எண்ணுகிறார்கள், அது ஏன் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை என்பதைத் தேர் பார்க்கப் போகிற வழியெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். பேருந்துச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் நடக்கிற ஒரு விளையாட்டை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கூட மூன்று பேர் வருகிறார்கள்: ஊர்க் காவல்காரர், நாட்டு வைத்தியச்சி, திருட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவன். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு வியாபாரி மறந்துவிட்டுப் போன பணமுடிப்பு கிடக்கிறது. தேடிப்போய்க் கொடுக்கலாம், நாமே எடுத்துக்கொள்ளலாம், கரையில் பசியோடு இருக்கிறவர்களுக்குப் பங்கு வைக்கலாம்.

கொடுத்துவிட்டீர்கள் என்றால் காவல்காரருக்கு 5 புள்ளி கூடும், வைத்தியச்சிக்கு 2 கூடும், திருடனுக்கு 4 குறையும். நாமே எடுத்துக்கொண்டால் காவல்காரருக்கு 6 குறையும், வைத்தியச்சிக்கு 3 குறையும், திருடனுக்கு 5 கூடும். பங்கு வைத்தால்தான் வேடிக்கை. வைத்தியச்சிக்கு 6 கூடுகிறது, திருடனுக்கும் 1 கூடுகிறது, காவல்காரர் மட்டும் “அடுத்தவன் காசில் தர்மமா?” என்று 2 குறைத்துக்கொள்கிறார். ஒரே செயல், மூன்று கணக்கு. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. இந்தச் செயலை இன்னார் எப்படிப் பார்ப்பார் என்று எழுதியவர் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

நிரலுக்குள் நடப்பதும் இதே எளிமையில்தான். நீங்கள் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்ததும் ‘முடிப்பு ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு நிகழ்வு பதிவாகிறது. யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நிரல் பார்க்கிறது. நிற்கிற ஒவ்வொருவரின் அட்டவணையிலிருந்தும் எண்ணை எடுத்து, அவரவர் மொத்தத்தில் கூட்டுகிறது அல்லது கழிக்கிறது. மொத்தம் ஒரு எல்லைக்குள் நிற்க வேண்டும்; டிராகன் ஏஜில் அது −100 முதல் 100 வரை. கடைசியாக வாசற்படிகளைப் பார்க்கிறது. 50-ஐத் தாண்டினால் மனம் விட்டுப் பேசுவார், −50-க்குக் கீழே போனால் மூட்டையைக் கட்டிவிடுவார் என்று நம் விளையாட்டுக்கு நாம் வைத்துக்கொள்ளலாம்.

திருடன் ஏற்கெனவே −48-இல் இருந்தால்? முடிப்பைக் கொடுத்ததும் −52, ஆள் காலி. “ஒரு முடிப்புக்காகவா கோவிச்சுக்கிட்டுப் போனான்?” என்று நமக்குத் தோன்றும். அவன் போனது அதற்கு முந்தைய இருபது சம்பவங்களுக்காக. நிஜத்தில் கூட்டுக்குடும்பங்கள் உடைகிற விதமும் கிட்டத்தட்ட இதுதான். கடைசியில் ஒரு தேங்காய்ச் சில்லுதான் பேச்சில் நிற்கும்.

விசுவாசத்தை எண்ணால் அளக்கிற இந்தப் பழக்கம் கணினிக்கு முன்பே தாளும் பகடையுமாக ஆடிய காலத்தில் தொடங்கியது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளிலேயே, கூலிக்கு வருகிறவர்களின் விசுவாசத்துக்கு எண் உண்டு. தலைவரின் வசீகரம் எவ்வளவோ அதைப் பொறுத்து அது மாறும். ஒரு பாத்திரத்தின் குணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறிக்கிற அறச்சார்பு என்பதும் அதில்தான் வந்தது. முதலில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்று மூன்றே நிலை. அதோடு நன்மை–தீமை என்ற இன்னொரு அச்சும் பிறகு சேர்ந்து, 1978-இல் மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டமாக நிலைபெற்றது.

இரண்டு அச்சு எதற்கு? ஜங்ஷன் பேருந்தில் சில்லறை இல்லையென்றால் கொட்டுகிற மழையிலும் இறக்கிவிடுகிற நடத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் இல்லை, விதிக்காரர். அதே பேருந்தில் இன்னொருவர், “ஏறுங்கம்மா, நாளைக்குக் குடுங்க” என்று சீட்டும் கிழிக்காமல் விடுகிறார். நல்லவர்தான், ஆனால் விதி அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஒற்றை அச்சில் வைத்தால் இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

1998-இல் வந்த பல்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டு இந்தக் கட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆனால் தோழர்களை அசைக்க வேறொரு எண்ணைச் சேர்த்தது: உங்கள் குழு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு ‘நற்பெயர்’, 1 முதல் 20 வரை. நிரபராதியைக் கொன்றால் இறங்கும், கோயிலில் காணிக்கை போட்டால் ஏறும். ரொம்ப இறங்கினால் நல்லவர்கள் முணுமுணுத்து, பிறகு விலகிவிடுவார்கள். ரொம்ப ஏறினால் கெட்டவர்களுக்குத் தாங்காது. “இந்தப் புண்ணியவான் கூட்டத்தில் எனக்கென்ன வேலை” என்று அவர்களும் கிளம்பிவிடுவார்கள். கெட்டவர்களை வைத்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. நற்பெயர் கூடக்கூடக் கடையில் விலை குறையும் என்பதால், பேர் கெட்ட குழு அதே வாளை அதிக விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆகவே இரண்டு ரகத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எண்ணை நடுவிலேயே நிறுத்தி ஓட்டுவார்கள். அதிகம் நல்லது செய்துவிட்டோமோ என்று கவலைப்படுகிற நிலைமை! அதிலும் மின்ஸ்க், எட்வின் என்ற இரண்டு தோழர்களை ஒரே குழுவில் சேர்த்தவர்கள் பாடு தனி. மின்ஸ்க் காக்கிற டைனஹீர் என்பவளைக் கொல்லத்தான் எட்வின் உங்களிடமே வந்து உதவி கேட்பான். இந்தப் பகை எந்த நற்பெயருக்கும் அடங்காது.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. நற்பெயர் என்பது ஊர்ப்பேச்சு. டவுனில் காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் மேலப்பாளையம் டீக்கடைக்கு வந்து சேர்கிற மாதிரி, அது எல்லாருக்கும் ஒரே செய்தியாகப் போகிறது. ஆனால் கூடவே நடந்து வருகிறவர் ஊர்ப்பேச்சை வைத்தா நம்மை எடைபோடுவார்? அதனால்தான் டிராகன் ஏஜ் தனித்தனிக் கணக்குக்கு மாறியது, அறச்சார்புக் கட்டங்களையும் விட்டுவிட்டது. சும்மா உதவிக்கொண்டே போனால் மோரிகன் என்ற தோழிக்கு எரிச்சல் வரும். அலிஸ்டர் என்ற தோழனுக்கு அதுதான் பிடிக்கும். இருவரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் இறங்கும்.

ஏற்றுவதற்கு ஒரு குறுக்கு வழியும் வைத்தார்கள்: பரிசுப்பொருள். நம் பக்கம் ‘அல்வா கொடுப்பது’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஏமாற்று என்ற பொருள் அதற்கு எப்படி வந்ததோ, ஊர் அல்வாவுக்கு அது ஒரு களங்கம்தான். விளையாட்டிலும் இதே அல்வா வேலைதான் நடக்கிறது. ஸ்டென் என்ற முரட்டு வீரனுக்கு ஓவியம் பிடிக்கும், நாய்க்கு எலும்பு, ஓக்ரனுக்கு மது. ஆளைப் பார்த்துப் பொருளைக் கொடுத்தால் எண் ஏறும். ஒருத்தருடைய ஊரையே கொளுத்திவிட்டு, முகாமுக்கு வந்து நாலு பொட்டலம் நீட்டினால் கணக்கு நேராகிவிடுமே? கூட்டல் கழித்தல் மட்டுமே தெரிந்த எண்ணுக்கு −20 எதனால் வந்தது என்று ஞாபகம் இருக்காது. +20 வந்தால் பூஜ்யம், அத்தோடு விஷயம் முடிந்தது.

இதற்கு இரண்டு தடை போட்டிருக்கிறார்கள். ஒன்று, கொடுக்கக் கொடுக்கப் பரிசின் மதிப்பு குறையும். முதல் துண்டு அல்வாவின் ருசி பத்தாவது துண்டில் இல்லை என்கிற அதே கதை. மற்றது முக்கியமானது. எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு வகைக் குறிப்பையும் நிரல் வைத்திருக்கும். நிரலாளர்கள் அதை ஃபிளாக் என்பார்கள். அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே நிலை. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ‘சாம்பலில் ரத்தம் ஊற்றினானா? ஆம்.’ அந்த ஆம் விழுந்துவிட்டால் எண்பது புள்ளி இருந்தென்ன.

அலிஸ்டர் கதை இதைவிடத் துல்லியம். அவனைப் படையில் சேர்த்துக்கொண்ட தலைவனைப் போர்க்களத்தில் கைவிட்டுச் சாகவிட்டவன் லோகெய்ன். ஆட்டத்தின் பிற்பகுதியில் லோகெய்னை மன்னித்துப் படையில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு வாய்ப்பு வரும். ராணுவக் கணக்கில் அது புத்திசாலித்தனம்கூட. ஆனால் சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் குழுவில் இருக்க மாட்டான். அவன் கணக்கு 100-இல் முட்டி நின்றாலும் சரிதான். 2023-இன் பல்டர்ஸ் கேட் 3-லும் இதே ஏற்பாடு உண்டு. அகதிகள் அடைக்கலம் புகுந்த தோப்பைத் தாக்குகிறவர்களோடு நீங்கள் சேர்ந்துகொண்டால் வில், கார்லக் என்ற இரண்டு தோழர்களும் உங்களோடு இருக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், கண்ணுக்குத் தெரிகிற எண். எண் ஏற ஏறத் தோழரின் சண்டைத் திறனும் கூடும் என்று வைத்ததால், ஆடுகிறவர்கள் மனிதரை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். யார் எந்தப் பதிலுக்கு எவ்வளவு தருவார் என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். ஒரு அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அந்த அளவுகோல் கெட்டுப்போகும் என்ற சங்கதியைப் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னார். மார்க்குக்காகப் படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிற எல்லாருக்கும் அது முன்பே தெரியும். 1985-இன் அல்டிமா IV என்ற விளையாட்டு இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. அதில் மூலிகை விற்கிறவருக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வார், காசை நீங்களே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் அவர் வாங்கிக்கொள்வார், ஒரு சத்தமும் வராது. உள்ளே மட்டும் உங்கள் நேர்மை குறைந்திருக்கும். எவ்வளவு என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது. ரொம்ப நாள் கழித்து, ஒரு ஞானியிடம் போய்க் கேட்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

சரி, விசுவாசம் என்றால் ஒத்துப்போவது மட்டும்தானா? கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், அண்ணாவி ஒரு வரி பாடினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் “ஆமா” போடுவார்கள். பாட்டுக்கு அது வேண்டும். வழித்துணையும் எல்லாவற்றுக்கும் ஆமா போட்டால் அது ஜால்ரா. 2011-இல் டிராகன் ஏஜ் II இதை யோசித்து மீட்டரின் இரண்டு முனைக்கும் மதிப்புக் கொடுத்தது. ஒரு முனை நட்பு, மறு முனை போட்டி. எப்போதும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே, ஆனால் விட்டுப்போகாமல் நிற்கிறவர் அந்த மறு முனையில் இருக்கிறார். அதில் இசபெலா என்ற தோழி ஒரு பொருளோடு ஓடிப்போவாள். அவள் திரும்பி வருவாளா என்பதற்கு, உங்கள் உறவு நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமாவது போதிய தூரம் போயிருக்கிறதா என்று நிரல் பார்க்கிறது. பட்டும் படாமலும் பழகியிருந்தால் வர மாட்டாள். என் கணக்கில் இந்த வகை விளையாட்டுகளில் இதுவரை வந்த நல்ல யோசனைகளில் இது ஒன்று. ஆனால் அடுத்த பாகத்தில் அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பேருந்து கொக்கிரகுளம் பாலம் ஏறும்போது மருமகன் கேட்டான், “அப்போ எட்டப்பனுக்கும் ஒரு அட்டவணை இருந்திருக்குமா மாமா?” நல்ல கேள்விதான். எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்கு எல்லைத் தகராறு வெகுகாலமாக இருந்தது. 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. தூக்கு கயத்தாறில். துரோகத்துக்கு நம் பேச்சில் நிலைத்த பெயர் மட்டும் எட்டயபுரத்தாருடையது. −48 எப்போது சேர்ந்தது என்று கதை சொல்கிறவர்கள் பார்ப்பதில்லை, −52 ஆன அன்றைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தேர் பார்த்துத் திரும்பி வந்ததும் அவன் முன்பே சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி எடுத்தான். இந்த முறை லெலியானாவை முகாமிலேயே விட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் ஆள் இல்லை, அட்டவணையும் இல்லை. கலசத்தில் ரத்தத்தை ஊற்றினான். ஒரு வில்லும் அவன் பக்கம் திரும்பவில்லை.

“பாத்தியளா மாமா?” என்று சிரித்தபடி முகாமுக்குத் திரும்பினான். லெலியானா அங்கே அவனிடம் அதைப் பற்றித்தான் கேட்க நின்றுகொண்டிருந்தாள்.