ட்ரிம்: கார்த் தகட்டில் ஒரு பொருள், கார்ப் பெயரில் இன்னொரு பொருள்

பழைய அமெரிக்கக் கார் வாங்குபவர்களை அதிகம் குழப்பும் சொல் ‘ட்ரிம்’. இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும் தகட்டில் ‘டிஆர்’ என்ற எழுத்துகளை அடுத்து ஓர் எண் இருக்கும். அதை வைத்து ‘இது எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) ட்ரிம்’, அதாவது செவ்ரோலெட்டின் ஸ்போர்ட்ஸ் வகை, என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது சீட் உறையின் துணியையும் நிறத்தையும் மட்டுமே.

வேர்ச்சொல் பழைய ஆங்கில ‘ட்ரிம்மன்’: உறுதியாக்கு, ஒழுங்குபடுத்து என்று பொருள். படகின் பாயைச் சீராக்குவதும், சலூனில் மீசையை ட்ரிம் செய்வதும் இதன் கிளைகள்தான். குதிரை வண்டித் தொழிலில் துணி, தோல், மெத்தை பொருத்துபவருக்கு ட்ரிம்மர் என்று பெயர். அந்த வழக்கு அப்படியே கார் பாடி கட்டும் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. நம் ஊரில் இதைக் குஷன் வேலை என்போம். தகட்டில் இருப்பது இந்தப் பொருள்.

இரண்டாவது பொருள், ஒரே காரை வசதிக்கேற்பப் பிரிக்கும் படி. அதற்கு 1962இல் வந்த செவ்ரோலெட் செவி 2 நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கார், மூன்று படிகள்: 100, 300, நோவா 400. 153 கன அங்குல நான்கு சிலிண்டர் இன்ஜின் கீழ்ப் படிகளில் கிடைத்தது. நோவாவுக்கு 194 கன அங்குல ஆறு சிலிண்டர். துணிக்கூரை மடங்கும் கன்வர்டிபிள் வேண்டுமானால் நோவா 400 மட்டுமே. மேல்படியின் பெயர் மக்கள் வாயில் நின்றுவிட, 1969இல் செவி 2 என்ற பெயரே போய், கார் முழுவதும் நோவா ஆனது.

1963இல் நோவாவின் மேல் எஸ்எஸ் என்ற விருப்பத் தொகுப்பு வந்தது: தனி முன்சீட்டுகள், கூடுதல் மீட்டர்கள், எஸ்எஸ் சின்னம், வேறு வீல் கப். வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் அதில் கிடையாது! செவி 2வுக்குத் தொழிற்சாலை வி8 கிடைத்தது 1964இல்தான். ட்ரிம் வேறு, இன்ஜின் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தொழிற்சாலை பொறித்த வண்டி அடையாள எண் (விஐஎன்). 1966, 1967 கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல் தூணில் அந்த எண்ணுள்ள தகடு இருக்கும். 117 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர் எஸ்எஸ், 118 என்றால் வி8 எஸ்எஸ். 115, 116 இரண்டும் சாதா நோவா. 1968இல் எஸ்எஸ் மறுபடி விருப்பத் தொகுப்பாகிவிட்டதால் எண் அதைக் காட்டாது. 113 ஆறு சிலிண்டர், 114 வி8, அவ்வளவுதான். சின்னமும் கிரில்லும் கடையில் வாங்கி மாட்டக் கூடியவை. அதனால் போலி எஸ்எஸ்கள் 1968க்குப் பிந்தைய கார்களில்தான் எளிதாகத் தேறுகின்றன. விற்பனைக் கால ஆவணம் இல்லாமல் எஸ்எஸ் விலை கொடுக்கக் கூடாது.

தமிழில் ஒரே சொல் போதாது. தகட்டு ட்ரிம்முக்கு ‘உள்ளொப்பனை’ சரி. படியைக் குறிக்கச் சிலர் எழுதும் ‘தரநிலை’ எனக்கு ஒப்பவில்லை. செவி 2-100இன் பாடித் தகடே மட்டமானது என்று அது நினைக்க வைக்கும். உண்மையில் குறைந்தது குரோம் பட்டையும் மெத்தையும்தான். ஷோரூமில் சொல்லும் ‘வேரியன்ட்’ இன்ஜினையும் கியரையும் சேர்த்துக்கொள்கிறது. ‘வசதிநிலை’ என்று எழுதலாம். பேச்சில் பேஸ் மாடல், டாப் மாடல் என்பதே போதும்.